நாய் வயிற்றுப் புழுவில் எத்தனை ரகம்?

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில், சிங்கப்பெருமாள் கோவில் பகுதி வேளாண் விரிவாக்க அலுவலர் ஆற்றிய உரை)



நெல்லில் ரகம் உண்டு, கத்தரியில் ரகம் உண்டு என்பது நமக்குத் தெரியும். நாயின் குடலில் இருக்கும் ஒரு புழுவிலும் ரகம் உண்டு என்று சொன்னால், "இதென்ன சார், புதுசா இருக்கே! புழுவிலே ரகம் பார்த்து நாங்க என்ன பண்ணப் போறோம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்தப் புழுவின் ரகத்தைப் பொறுத்துத்தான், உங்கள் வீட்டு நாய்க்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது அமைகிறது. அந்த மாத்திரை தவறினால் வருகிற கட்டி, ஆட்டின் ஈரலிலும் மாட்டின் நுரையீரலிலும் மட்டுமல்ல, வீட்டுக் குழந்தையின் வயிற்றிலும் வரக்கூடும். ஆகையால் இன்று இந்தப் புழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம்.

நீர்க்கட்டி என்பது என்ன?

கிடா வெட்டும்போது சில சமயம் ஈரலிலோ நுரையீரலிலோ வெள்ளையாக, தண்ணீர் நிறைந்த கட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலது புளியங்கொட்டை அளவு இருக்கும்; சிலது எலுமிச்சம்பழம் அளவு, அதற்கு மேலும் இருக்கும். அறுத்தால் தெளிந்த நீர் பீறிட்டு வரும். "நீர் கோத்த ஈரல்" என்று அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிடுவார்கள். எறிந்ததைக் காத்திருக்கும் நாய் கவ்விக்கொண்டு போகும். இந்த நோயின் கதை முழுவதும் அந்த ஒரு கவ்வலில்தான் இருக்கிறது.

அந்தக் கட்டியின் பெயர் ஹைடாடிட் நீர்க்கட்டி. அது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம் பருவம். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் பரவாயில்லை, நீர்க்கட்டிப் புழு என்றே வைத்துக்கொள்வோம். கட்டிக்குள் இருக்கும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிச் சற்று நேரம் வைத்தால் அடியில் மெல்லிய மணல் போல ஏதோ படியும். மணல் என்று நாம் நினைப்பது அத்தனையும் புழுத் தலைகள். ஒரு கட்டியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நாய் அதைப் பச்சையாகத் தின்றால், ஒவ்வொரு தலையும் குடலில் ஒட்டிக்கொண்டு ஒரு புழுவாக வளரும்.

நாடாப்புழு என்றதும் முழக் கணக்கில் நீளமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இது 2 முதல் 7 மில்லிமீட்டர்தான். ஒரு நெல்மணியின் நீளம்கூட வராது. அதனால்தான் நாயின் மலத்தைக் கிளறிப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாயும் இளைக்காது, சோர்ந்து படுக்காது, நன்றாகத் தின்று ஓடியாடிக்கொண்டு இருக்கும். உள்ளே ஆயிரம் புழு இருந்தாலும் வெளியே அடையாளம் இல்லை.

வளர்ந்த புழுவின் கடைசிக் கண்ணி முட்டைகளோடு கழன்று மலத்தில் வரும். ஒரு கண்ணியில் பல நூறு முட்டைகள். அவை புல்லில், ஏரிக்கரையில், கிணற்றடியில், கீரைப் பாத்தியில் கிடக்கும். ஈரமும் நிழலும் இருந்தால் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். நல்ல வெயிலில் காய்ந்தால் சீக்கிரம் சாகும். மேயும் ஆடு மாடு அந்த முட்டையைப் புல்லோடு விழுங்கினால் குடலில் குஞ்சு வெளியே வந்து, இரத்தத்தோடு போய் ஈரலில் தங்கும். ஈரலைத் தாண்டினால் நுரையீரலில் தங்கும். அங்கே மெல்ல மெல்லக் கட்டியாகும். மறுபடி வெட்டு, மறுபடி நாய். இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறது.

மனிதன் இந்தச் சுற்றில் வழி தவறி உள்ளே வந்தவன். நாயின் மயிரிலோ, மண்ணிலோ, கழுவாத கீரையிலோ இருக்கும் முட்டை கை வழியாக வாய்க்குப் போய்விட்டால், ஆட்டுக்கு வருவது போலவே நமக்கும் கட்டி வரும். பத்துப் பேரில் ஏழு பேருக்கு ஈரலில், இரண்டு பேருக்கு நுரையீரலில் வருவது வழக்கம். கட்டி மெதுவாக வளர்வதால் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட ஒன்றும் தெரியாமல் போகும். சிறு வயதில் நாய்க்குட்டியோடு விளையாடிய பிள்ளைக்குக் கல்யாண வயதில் வலி வரும். அப்போது யாருக்கு நாய்க்குட்டி நினைவுக்கு வரும்? கட்டி உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சையும், மாதக் கணக்கில் மாத்திரையும் தேவைப்படலாம்.

நட்டம் சின்னது அல்ல

லூதியானாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2014-இல் ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். இந்த நோயால் இந்தியாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,147 கோடி ரூபாய் நட்டம் என்பது அவர்கள் மதிப்பீடு. கால்நடையில் வரும் நட்டத்தில் மிகப் பெரும் பங்கு மாட்டுக்கும் எருமைக்கும் உரியது. ஈரலையும் நுரையீரலையும் தள்ளிவிடுவது கண்ணுக்குத் தெரிகிற நட்டம். பால் குறைவு, எடை குறைவு, சினை தங்காமை ஆகியவை கண்ணுக்குத் தெரியாத நட்டம். பால் குறைந்தால் தீவனத்தைக் குறை சொல்வோம். ஈரலில் இருக்கும் கட்டியை யார் நினைப்பார்கள்?

ரகம் எங்கிருந்து வந்தது?

இப்போது ரகத்துக்கு வருவோம். ஏ.டி.டி. 43, வெள்ளைப் பொன்னி, சி.ஆர். 1009 ஆகிய மூன்று நெல்லையும் நாற்றங்காலில் பக்கத்தில் பக்கத்தில் விட்டுவிட்டு, "எது எது?" என்று கேட்டால் அனுபவசாலிகூடத் திணறுவார். எல்லாம் ஒரே பச்சை. ஆனால் ஏ.டி.டி. 43 சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும், வெள்ளைப் பொன்னி 135 நாளைத் தாண்டும், சி.ஆர். 1009 போட்டால் 155 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். உருவம் ஒன்று, வயது வேறு.

நீர்க்கட்டிப் புழுவும் அப்படித்தான். வெகு காலம் வரை எல்லாவற்றையும் ஒரே புழு என்றே எண்ணினார்கள். ஆனால் ஊருக்கு ஊர் சில விஷயங்கள் ஒத்து வரவில்லை. ஒரு நாட்டில் செம்மறியாட்டில் கட்டி நிறைய; அதே நாட்டு மாட்டில் கட்டி இருந்தாலும் உள்ளே புழுத் தலை இல்லாத வெறும் தண்ணீர்தான். இன்னொரு நாட்டில் மாட்டு நுரையீரல் கட்டியில் தலைகள் மொய்க்கின்றன. குதிரையில் வருகிற கட்டியோ மனிதனுக்கு ஒட்டுவதே மிக மிக அபூர்வம். ஒரே புழுவாக இருந்தால் ஏன் இப்படி?

விடை புழுவின் மரபுப் பொருளில் கிடைத்தது. ஒவ்வொரு உயிரணுவிலும் சக்தி தயாரித்துக் கொடுக்கும் நுண்ணிய உறுப்பு ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். அதற்கென்று தனியாக ஒரு சின்ன மரபுப் பொருள் இருக்கிறது. அதில் நான்கே எழுத்துகள், மாறி மாறி வரிசையாக வரும். எந்தக் கட்டியிலிருந்து எடுத்தாலும் அதே இடத்திலுள்ள சில நூறு எழுத்துகளைப் படித்து ஒப்பிட்டால் எது எதற்கு உறவு என்று தெரியும். 1992-இல் ஆஸ்திரேலியாவில் பௌல்ஸ், பிளேர், மக்மானஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் பல நாட்டுக் கட்டிகளை இப்படிப் படித்து, இந்தப் புழுவில் பல ரகங்கள் இருப்பதைக் காட்டினார்கள். ஜி1, ஜி2, ஜி3 என்று எண் கொடுத்தார்கள். பிறகு வந்தவர்கள் சேர்த்துக்கொண்டே போக, பட்டியல் ஜி10 வரை நீண்டது.

ஜி1 ஆட்டு ரகம். உலகம் முழுவதும் பரவியது. மனிதனை மிகவும் தாக்குவதும் இதுதான். ஜி3 எருமை ரகம். இந்திய எருமையிலிருந்து எடுத்த கட்டியை வைத்து அடையாளம் கண்டது இது. எருமை ரகம் என்று பெயர் வைத்தாலும் ஆடு, மாடு, மனிதன் யாரையும் விடுவதில்லை. ஜி4 குதிரை ரகம். ஜி5 மாட்டு ரகம். ஜி6 ஒட்டக ரகம். ஜி7 பன்றி ரகம். ஜி8, ஜி10 இரண்டும் குளிர் நாட்டு மான்களைச் சேர்ந்தவை.

பிறகு இன்னும் நீளமாக எழுத்துகளைப் படித்தபோது பட்டியலில் திருத்தங்கள் வந்தன. ஜி2 தனி ரகம் அல்ல, ஜி3-இன் ஒரு சாயல்தான் என்று 2017-இல் காட்டினார்கள். ஜி9-உம் தனியாக நிற்கவில்லை. குதிரை ரகத்தையும் மாட்டு ரகத்தையும் இப்போது தனித் தனி இனமாகவே வைத்திருக்கிறார்கள். ஜி1-க்கும் ஜி3-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தான், அண்ணன் தம்பி மாதிரி. ஜி5 அப்படி இல்லை. சம்பாவுக்கும் சோளத்துக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு முட்டையிலிருந்து ஒரு கட்டி. அந்தக் கட்டிக்குள் இருக்கும் ஆயிரம் தலையும் அந்த ஒரே முட்டையின் பிரதிகள். ஒரே வாழைக் கிழங்கிலிருந்து வெடித்த பக்கக் கன்றுகள் மாதிரி, எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். நாயின் குடலிலும் ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணுமாகத் தானே இருப்பதால், பெரும்பாலும் தன்னிலேயே கருத்தரித்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட புழுவில் கலப்பு அதிகம் நடப்பதில்லை. ஆகவே ஓர் ஊரில் இரண்டு மூன்று ரகம் இருந்தால், அவை பெரும்பாலும் வெளியிலிருந்து கால்நடையோடு வந்து சேர்ந்தவைதான்.

நம் நாட்டில் என்ன ரகம்?

மேற்கு இந்தியாவில் இறைச்சிக் கால்நடைகளிலிருந்து எடுத்த கட்டிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். அதிகம் கிடைத்தது ஜி3, எருமை ரகம். அதற்கு அடுத்தது ஜி5, மாட்டு ரகம். உலகத்தில் முதலிடம் வகிக்கும் ஜி1 அதற்கும் பின்னால்தான் வந்தது. வட இந்திய நோயாளிகளுக்கு அறுவை செய்து எடுத்த கட்டிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஜி1, ஜி3, ஜி5, ஜி6 என்று நான்கு ரகமும் இருந்தன. அதாவது மாட்டிலிருந்து நாய்க்கு வந்த புழு, ஒட்டகத்தைச் சேர்ந்த புழு எல்லாம் மனிதனிடமும் வந்திருக்கிறது.

மனிதனில் வரும் கட்டிகளை உலகளவில் தொகுத்து 2014-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். நூற்றுக்குச் சுமார் 88 கட்டிகள் ஆட்டு ரகக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் நாட்டில் அந்தக் குடும்பத்தில் எருமை ரகம் முன்னால் நிற்கிறது. ஆகவே "செம்மறி வளர்க்கிறவனுக்குத்தானே இந்த நோய், நமக்கென்ன?" என்று எருமையும் மாடும் வைத்திருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

நம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் திருக்கச்சூர், ஆப்பூர் என்று மேய்ச்சல் ஆடு உள்ள ஊர்கள். இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை நெடுக இறைச்சிக் கடைகள், ஓரகடம் சாலையில் தொழிற்சாலைகள், புதுக் குடியிருப்புகள், அவற்றை நம்பி வாழும் தெருநாய்கள். சென்னைப் பக்கத்துக் கடைகளுக்கு வெட்டுகிற ஆடு எல்லாம் உள்ளூர் ஆடு இல்லை. ஆந்திரத்திலிருந்தும் இன்னும் வடக்கேயிருந்தும் லாரியில் வந்து இறங்குகிறது. ஆடு வரும்போது அதன் ஈரலில் இருக்கும் கட்டியும் வருகிறது. கட்டியோடு ரகமும் வருகிறது. வெட்டிய இடத்தில் எறிந்த ஈரலைத் தின்கிற நாய்தான் அந்த வெளியூர் ரகத்தை நம் ஊர் மண்ணில் விதைக்கிறது. விதை நெல்லை வெளியூரிலிருந்து வாங்கும்போது எவ்வளவு விசாரிக்கிறோம்! இதை யாரும் விசாரிப்பதில்லை.

ரகம் தெரிந்து என்ன பயன்?

முதல் பயன், மாத்திரையின் கெடு. கட்டியைத் தின்ற நாளிலிருந்து, புழு வளர்ந்து முதல் முட்டை விடுகிற நாள் வரை ஒரு இடைவெளி உண்டு. ஆட்டு ரகத்துக்கு அது சுமார் 45 நாள். ஒட்டக ரகத்துக்குச் சுமார் 40 நாள். மாட்டு ரகம் குறுவை மாதிரி. 33 முதல் 35 நாளிலேயே முட்டை விடத் தொடங்கிவிடும்.

நியூசிலாந்து நாட்டில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, அதாவது 42 நாளைக்கு ஒரு முறை, நாய்களுக்கு மருந்து கொடுத்தார்கள். ஆட்டு ரகத்துக்கு அந்தக் கணக்குச் சரி. முட்டை விடுவதற்குள் புழு செத்துவிடும். நம்மிடையே மாட்டு ரகமும் இருக்கும்போது அதே 42 நாளை வைத்தால் என்ன ஆகும்? 35-ஆவது நாளில் முட்டை விடத் தொடங்கிய புழு, மருந்து வரும் வரை ஒரு வாரம் முழுவதும் முட்டைகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மருந்தும் கொடுத்தோம், செலவும் செய்தோம், முட்டையும் பரவிவிட்டது!

ஆகையால் குறுகிய வயது ரகத்தை வைத்தே கெடுவைக் குறிக்க வேண்டும். மாதம் ஒரு முறை என்றால் எந்த ரகமும் தப்பாது. தேதி ஞாபகம் இல்லாதவர்களுக்கு ஒரு சுலபமான வழி: அமாவாசைக்கு அமாவாசை கொடுத்துவிடுங்கள். அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள். மாட்டு ரகத்தின் 33 நாளுக்கு முன்பே வந்துவிடும்.

இரண்டாவது பயன், எந்த உறுப்பை நாய்க்குப் போடக் கூடாது என்பது. ஆட்டு ரகம் மாட்டில் போய்த் தங்கினால் கட்டி பெரும்பாலும் வெறும் தண்ணீர். அதைத் தின்ற நாய்க்குப் புழு வராது. அதனால் பழைய புத்தகங்களைப் படித்தவர்கள் மாட்டுக் கட்டியைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் அதே மாட்டில் மாட்டு ரகம் தங்கினால், குறிப்பாக நுரையீரல் கட்டியில், தலைகள் நிறைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. எனவே ஆடு, மாடு, எருமை எதுவானாலும் கட்டியுள்ள உறுப்பு நாய்க்கு ஆகாது.

மூன்றாவது பயன், தடுப்பூசி. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் லைட்டவ்லர்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு, இ.ஜி. 95 என்ற தடுப்பூசியைச் செம்மறியாட்டுக்காக உருவாக்கி 1996-இல் அறிவித்தது. சீனாவிலும் அர்ஜென்டினாவிலும் அதைத் தயாரிக்கிறார்கள். அது ஆட்டு ரகத்தின் ஒரு புரதத்தை வைத்துச் செய்தது. ஒட்டக ரகத்தில் அந்தப் புரதம் சற்று மாறியிருப்பதைப் பிறகு கண்டார்கள். பூட்டு மாறினால் அதே சாவி சரியாகப் பொருந்துமா என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்? நாளை நம் நாட்டுக்குத் தடுப்பூசி வரும்போதும், எந்த ஊரில் எந்த ரகம் என்ற கணக்கு கையில் இருந்தால்தான் வேலை சுலபம்.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

"கட்டியிருந்த ஈரலை நாங்க சமைத்துச் சாப்பிட்டுவிட்டோமே, எங்களுக்கு வருமா?" வராது. ஈரல் கட்டியைத் தின்பதால் மனிதனுக்கு இந்த நோய் வருவதில்லை. நாயின் மலத்திலிருக்கும் முட்டை வாய்க்குள் போனால்தான் வரும். ஆனால் அந்த ஈரலைப் பச்சையாகத் தின்ற நாய், இரண்டு மாதத்துக்குள் உங்கள் வாசலில் முட்டை போட ஆரம்பித்துவிடும்.

"அப்படியானால் நாயே வளர்க்கக் கூடாதா?" தாராளமாக வளர்க்கலாம். ஆட்டுக்குக் காவல், வயலுக்குக் காவல், வீட்டுக்குக் காவல். பச்சை உறுப்பைப் போடாமல், மாதம் தவறாமல் மாத்திரை கொடுத்து வளர்த்த நாயால் இந்த நோய் பரவாது.

"எங்க நாய் நல்லா கொழுகொழுன்னு இருக்குதே சார்?" அதுதான் முன்பே சொன்னேனே. இந்தப் புழு நாயை வாட்டுவதே இல்லை. கொழுகொழுவென்று இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"கடையில் பூச்சி மருந்து என்று ஒரு டானிக் வாங்கிக் கொடுத்தோமே, போதாதா?" போதாது. பைப்பரசின் போன்ற மருந்துகள் உருளைப்புழுவுக்குத்தான். இந்த நாடாப்புழுவுக்கு பிரசிகுவாண்டல் என்ற மருந்து உள்ள மாத்திரைதான் வேண்டும். நாயின் எடைக்கு ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது அளவு. பத்துக் கிலோ நாய்க்கு 50 மில்லிகிராம் ஆகிறது. கடையில் கேட்டு வாங்காமல், எடையைச் சொல்லிக் கால்நடை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். குட்டியாக இருந்தாலும், சினையாக இருந்தாலும் அதையும் சொல்லிவிடுங்கள்.

"ஒரு தடவை கொடுத்தால் ஆயுசுக்கும் போதுமா?" இந்த மருந்து இன்று குடலில் உள்ள புழுவைக் கொல்லும், நாளைக்குக் காவல் இருக்காது. மாத்திரை போட்ட மறுநாளே கட்டியைத் தின்றால் மறுபடி புழு வரும். அதனால்தான் மாதா மாதம் என்கிறேன்.

என்னென்ன செய்ய வேண்டும்?

ஒன்று. ஆடிக் கூழுக்கும், குலதெய்வத்துக்கும், பக்ரீத்துக்கும், ஞாயிற்றுக்கிழமைக் கடைக்கும் வெட்டும் இடத்தில் நாயை அண்டவிடாதீர்கள். கட்டியுள்ள ஈரல், நுரையீரல், குடலை இடுப்பளவு குழி தோண்டிப் புதைத்து, மேலே சுண்ணாம்பு தூவி, மண் தள்ளி, கல்லோ கருவேல முள்ளோ போட்டு மூடுங்கள். முழங்கால் அளவுக் குழியை நாய் ஒரே இரவில் தோண்டிவிடும். கட்டியைக் கத்தியால் குத்தி உடைக்காதீர்கள். நீர் சிந்தினால் தலைகளும் சிந்தும்.

இரண்டு. நாய்க்கு இறைச்சிக் கழிவு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், சின்னத் துண்டாக நறுக்கி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு முக்கால் மணி நேரம் வேகவைத்துப் போடுங்கள். மேலாகச் சுட்டுப் போடுவதில் உள்ளே உள்ளது சாகாது.

மூன்று. மாத்திரை கொடுத்த நாயை இரண்டு நாள் கட்டி வையுங்கள். மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. அந்த இரண்டு நாள் மலத்தை வாரி ஆழமாகப் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். எருக்குழியில் போட வேண்டாம். அது மறுபடி வயலுக்கும் கீரைப் பாத்திக்கும் போய்ச் சேரும்.

நான்கு. நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்குங்கள். நாய் முகத்தை நக்கவிடக் கூடாது. பச்சையாகத் தின்னும் கீரை, காய்களை ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். குடிநீர்க் கிணற்றுக்கும் தீவனக் கொட்டகைக்கும் நாய் ஏறாதபடி தடுப்பு வையுங்கள்.

ஐந்து. தெருநாய் ஊர்ப் பொதுப் பொறுப்பு. நம் வீட்டு நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுக் கடைக் கழிவைத் தெருவில் விட்டால் பயன் இல்லை. இறைச்சிக் கடைக்காரர்களும் ஊராட்சியும் சேர்ந்து கழிவுக்கு ஒரு மூடிய குழி அமைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆறு. வெட்டும்போது நீர்க்கட்டி தென்பட்டால், உடைக்காமல் அந்த உறுப்பை அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எந்த விலங்கு, என்ன வயது, எந்த ஊரிலிருந்து வந்தது, ஈரலா நுரையீரலா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். நமக்குப் பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எப்படி அனுப்புவது என்று டாக்டர் வழி சொல்வார். நீங்கள் கொடுக்கும் அந்த ஒரு கட்டியில் நம் வட்டாரத்தின் ரகம் எழுதியிருக்கிறது. நாய் மருத்துவத்துக்கோ மாட்டு மருத்துவத்துக்கோ அவசரம் என்றால் 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

ஏழு. வீட்டில் யாருக்காவது வலது விலாவுக்குக் கீழே பாரமோ வீக்கமோ, நீண்ட நாள் இருமலோ இருந்தால் டாக்டரிடம் போகும்போது "வீட்டில் நாய் இருக்கிறது, ஆடு இருக்கிறது" என்று மறக்காமல் சொல்லுங்கள். ஸ்கேன் எடுத்தால் கட்டி தெரியும். நாட்டு வைத்தியம் என்று யாரிடமும் கட்டியைக் குத்தவிடாதீர்கள்.

முடியுமா?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிலர் நினைக்கலாம். நடந்திருக்கிறது. ஐஸ்லாந்து என்ற குளிர் தீவில் ஒரு காலத்தில் இந்த நோய் வீட்டுக்கு வீடு இருந்தது. கிராபே என்ற டென்மார்க் விஞ்ஞானி 1863-இல் அங்கே போய் நாய்களையும் ஆடுகளையும் ஆராய்ந்தார். நோய் எப்படி வருகிறது, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். 1864-இல் அதை வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பிரசிகுவாண்டலும் இல்லை, ஸ்கேனும் இல்லை, மரபெழுத்துப் படிக்கிற கருவியும் இல்லை. நீண்ட குளிர்கால இரவுகளில் மக்கள் அதைப் படித்தார்கள், கழிவை நாய்க்குப் போடாமல் புதைத்தார்கள், அவ்வளவுதான். பின்னர் சட்டமும் வந்தது. நோய் அந்தத் தீவைவிட்டே போய்விட்டது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா 1996-இலும், நியூசிலாந்து 2002-இலும் இந்த நோய் ஒழிந்ததாக அறிவித்தன. அவையும் தீவுகள், வெளியிலிருந்து கால்நடை வருவதைத் தடுப்பது சுலபம். நமக்கு அந்த வசதி இல்லை. லாரி வந்துகொண்டேதான் இருக்கும், ரகமும் வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் எந்த ரகம் வந்தாலும், நாயின் வாயைத் தாண்டாமல் அது நம் மண்ணில் காலூன்ற முடியாது.

ஆகவே பெருமக்களே, புழுவின் ரகத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை விஞ்ஞானிகளிடம் விட்டுவிடுங்கள். நம் வேலை இரண்டுதான்: பச்சை உறுப்பு நாய்க்கு இல்லை, மாத்திரை அமாவாசைக்கு அமாவாசை. அடுத்த அமாவாசை எப்போது என்று இப்போதே நாள்காட்டியில் பார்த்து, அந்தத் தேதிக்குப் பக்கத்தில் "நாய்" என்று ஒரு சொல் எழுதி வையுங்கள்.